நிவேதா அனுப்பிய படப்பொட்டி

— வட்டம் சுத்துதா, நின்னுடுச்சா? அத்த மட்டும் சொல்லு வடிவு. மரத்து மேல இருக்கறவனுக்கு வூட்டுக்குள்ள இருக்கறது எப்படித் தெரியும்?

— சுத்திகினேதான் இருக்குது. நீ அந்த செல்போன இன்னும் கொஞ்சம் மேல கட்டு.

— இதுக்கு மேல கிளை இல்ல, பிஞ்சுதான் இருக்குது. பலாக்காய் காம்புலயா கட்டச் சொல்ற?

— கட்டேன். அன்னிக்கு உங்க அக்காகிட்டப் பேசறதுக்கு உச்சி வரைக்கும் ஏறினியே, அப்ப மட்டும் கிளை மொளைச்சுதா?

— அது பேசறதுக்கு. இது நெட்டு. அதாவது, இன்னா சொல்றேன்னா, பேசறதுக்கு ரெண்டு கோடு இருந்தா போதும். இந்தப் போட்டோ பிரேமுக்கு மூணு கோடாவது வேணும். கண்ணாடியில இன்னா காட்டுது, பாத்துச் சொல்லு.

— விசிறி மாதிரி ஒரு பொம்ம. அதும் மேல குறுக்கால கோடு போட்டு அடிச்சிருக்குது.

— அப்ப வைஃபை புடிக்கல. பாஸ்வேர்டு தப்பா அமுக்கிட்டியா?

— நம்ப பொண்ணு நிவேதா பேரு, அப்பால ஒன்னு ரெண்டு மூணு. அதத்தானே சொன்ன?

— பேரு சரியா போட்டியா?

— யோவ், எனக்கு இங்கிலீஷ்ல எழுதத் தெரிஞ்சது அந்த ஒரு பேருதான். அதோட ஆதார் கார்ட வெச்சுகினு நானே பாத்துப் பாத்து கத்துக்கினது. யாரும் கத்துக் குடுக்கல.

— சரி சரி, கோச்சிக்காத. தோ, இப்ப மூணு கோடு வந்துடுச்சு. மறுபடியும் அமுக்கு.

— அமுக்கிட்டேன். சுத்துது. யோவ், இப்ப ஜல்தியா சுத்துது. அந்த விசிறி மேல இருந்த கோடு போயிடுச்சு!

— கையெடுத்துடு, தொடாத. அப்படியே... அய்யோ, போன் அடிக்குது.

— யாரு?

— கோகிலா.

— எடுக்காத.

— எடுக்காட்டியும் அடிக்கறப்ப நெட்டு நின்னுடும் வடிவு. இந்த போனு அப்படித்தான்.

— த பாரு! கோடு வந்துடுச்சு! மறுபடியும் குறுக்கால கோடு! நல்லா வந்துகினு இருந்துச்சுய்யா. சரியா அந்த நேரம் பாத்து எப்படிக் கூப்புட்றா பாரு. திருப்பத்தூர்ல இருந்துகினே என் வூட்டுக் காரியத்தக் கெடுக்க அவளாலதான் முடியும்.

— உன் தங்கச்சிம்மா அவ. பக்கத்துக் கொல்லக்காரன் மாதிரி பேசறியே. அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா இந்தப் பேஜாரே இல்ல. அவ வூட்ல வைஃபை இருக்குது, பசங்க டிவியில கூட நெட்டு பாக்கறாங்க. அவளுக்குத் தெரியும்.

— அவளுக்கு எல்லாம் தெரியும். எல்லாம் அவகிட்டதான் இருக்குது. அவகிட்ட போயி கேக்கறதுக்கு, இந்தப் பொட்டியத் தூக்கி சாமைக் குதிர்ல போட்டு மூடிடுவேன்.

— அப்ப டெலஸ்கோப்பு ஆபீஸ்ல ஒரு சாரக் கேக்கட்டா? நான் செடிக்குத் தண்ணி உட்ற எடத்துல நல்ல சார் ஒருத்தர் இருக்கார்.

— அவரு ராத்திரி முழுக்க வானத்தப் பாக்கறவரு. பகல்ல தூங்கட்டும், உடு.

— பின்ன யாரத்தான் கேக்கறது? பொட்டி வந்ததுல இருந்து நான் மரத்துலயும் நீ ஸ்டூல்லயும் குடித்தனம் பண்ணிகினு இருக்கறோம். சாமைக்குக் களை எடுக்கல.

— களை ஓடிடாது. யோவ், நெஞ்சத் தொட்டுச் சொல்லு. நம்ப பொண்ணு ஆறாங்கிளாசுக்கு அவ வூட்டுக்குப் போச்சு. படிப்புக்குன்னு நாமதான் அனுப்பினோம், இல்லேங்கல. ஆனா அதோட ஒரு நல்லது கெட்டது எனக்குன்னு மிஞ்சுச்சா? மொத ப்ரைஸ் வாங்கினது அவ கைதட்டலுக்கு. அம்மை போட்டப்ப வேப்பல வெச்சது அவ. வயசுக்கு வந்தப்ப நான் பஸ்ஸு புடிச்சு எறங்கிப் போறதுக்குள்ள தண்ணி ஊத்தி, புதுத் துணி கட்டி, ஓலக் குச்சு வரைக்கும் கட்டி வெச்சிட்டா. ஒருநாள் பொறுக்கக் கூடாது?

— அந்த அன்னிக்கு மழையில ரோட்டு மேல மரம் உழுந்து பஸ்ஸே இல்லியே வடிவு.

— எனக்குத் தெரியும் பஸ்ஸு இல்லேன்னு. அவளுக்கும் தெரியும். அதான் சொல்றேன். இப்ப ஓசூர் கம்பெனியில சேந்து, மொத மொத சம்பாரிச்சு ஒரு பொருளு வாங்கி அனுப்பி இருக்குது. அது இந்த வூட்டு ஸ்டூல் மேல இருக்குது. இது ஒன்னாவது எனக்குன்னு இருக்கட்டும்.

— அவளுக்கும் ஒன்னு அனுப்பி இருக்குமே.

— அனுப்பல.

— உனக்கு எப்படித் தெரியும்?

— தெரியும். உடு.

— சரி, அனுப்பலன்னே வெச்சுக்கோ. அதுக்கப்புறம் இன்னாத்துக்குப் பொறாம? எவ்ளோ வளத்தாலும் அவ சித்திதான். அம்மான்னு உன்ன ஒருத்தியத்தானே அது கூப்புடுது.

— கம்முனு எறங்கு.

— நல்லதத்தானே சொன்னேன்?

— எறங்கய்யா மொதல்ல. வார்த்தைக்கு வார்த்தை பேசிகினு.

— எறங்கறேன். ஆனா எறங்கறதுக்கு முன்னாடி ஒன்னு சொல்லிடறேன். மரத்து மேல இருக்கறப்பவே சொல்லிட்டா உன் கை எட்டாது பாரு. நேத்து கோகிலாகிட்ட நான் பேசிட்டேன்.

— இன்னா பேசின?

— பொட்டி வேலை செய்யலன்னு சொன்னேன். நாளைக்கு மத்தியான பஸ்ஸுல வர்றேன் மாமான்னா. இப்ப அடிச்சது அதுக்குத்தான் இருக்கும், ஆலங்காயம் தாண்டி இருப்பா.

— அடப்பாவி மனுசா! பொட்டியப் பத்தி அவகிட்ட வாயத் தொறக்காதேன்னு தலையில அடிச்சு சொன்னனா இல்லியா?

— இது இன்னா ரகசியமா? கொரியர்க்காரன் மலை ஏற மாட்டான். எது வந்தாலும் அவ வூட்டு விலாசத்துக்குத்தான் வருது, அவ பேர்லதான் வருது. அவ வூட்டுக்காரன் பாண்டுரங்கன்தான் பஸ்ஸுல கண்டக்டர் கையில குடுத்து உட்றான். உன் குக்கர் அப்படித்தான் வந்துச்சு, என் டார்ச் லைட்டு அப்படித்தான் வந்துச்சு. இதுவும் அவ வூட்டத் தாண்டி வந்ததுதானே?

— அந்தப் பொட்டியத் தூக்கி உள்ள வை. இல்ல, நான் வெக்கறேன். ரிப்பேருன்னு கடைக்கே திருப்பி அனுப்பிட்டோம்னு சொல்லிடு.

— பொய் சொன்னா எனக்குக் காது செவந்துடும்னு நீதான் சொல்லுவ. தோ, பஸ்ஸு ஹாரன் கேக்குது. வளைவுல திரும்பிடுச்சு.

— வரட்டும். வந்து பாக்கட்டும். எம் பொட்டி, எம் பொண்ணு அனுப்பினது.

— யாரு இல்லேன்னா?

— அக்கா! மாமா! இன்னா இது, மாமா மரத்துல இருக்கீங்க? பலாப்பழம் எனக்கு இப்பவே வேணாம், எறங்குங்க.

— வாம்மா கோகிலா. பழம் இல்ல, சிக்னல் பறிச்சுகினு இருக்கறேன்.

— வாடி. பஸ்ஸுல கூட்டமா?

— நின்னுகினேதான் வந்தேன்கா. இந்தா, உனக்குப் பூவு. மாமாவுக்கு மிக்சர். கலசப்பாக்கத்துல என் நாத்தனார் பொண்ணு கல்யாணம் முடிஞ்சு இப்பதான் வூடு திரும்பினேன், இல்லேன்னா முன்னாடியே வந்திருப்பேன்.

— கையில இன்னாடி, காலிப் பையி? எவ்ளோ பெரிசு.

— சும்மாதான்கா. புளி கிளி குடுத்தா எடுத்துகினு போலாம்னு.

— இந்த வருசம் புளி கொஞ்சம்தான்.

— கொஞ்சமே குடேன், நான் இன்னா கடையா வெச்சிருக்கறேன்? சரி, எங்கக்கா அந்த டிஜிட்டல் பிரேமு?

— எந்தப் பிரேமு?

— வடிவு, தோ ஸ்டூல் மேல இருக்குது பாரு, அதத்தான் கேக்கறா.

— ஓ. இதா?

— அதான்கா.

— நல்லா இருக்குதாடி?

— நல்லா இருக்குதுக்கா. நெனச்சத விடப் பெரிசா இருக்குது. பொட்டெல்லாம் வெச்சிருக்க?

— புதுப் பொருளு வூட்டுக்கு வந்தா சந்தனம் குங்குமம் வெக்க மாட்டோமா? டிராக்டருக்கு வெக்கல? என் பொண்ணு மொத சம்பளத்துல எனக்கு அனுப்பினது.

— ஆமாக்கா. வெக்க வேண்டியதுதான்.

— உனக்கு இன்னா அனுப்பிச்சு?

— எனக்கா?

— உனக்குத்தான். வளத்தவளாச்சே. ஒன்னும் அனுப்பலியா?

— எனக்கு எதுக்குக்கா? எனக்கு ஒன்னும் இல்ல.

— ஒன்னுமே இல்லியா?

— இல்லக்கா.

— அப்படியா. சரி, டீ வெக்கறேன்.

— டீ அப்புறம். மொதல்ல இத்தப் பாத்துடலாம், ஓகேவா? திரும்ப நாலு மணி பஸ்ஸுக்குப் போவணும். மாமா, இது ஏன் வைஃபை கேட்டுகினு நிக்குது? கடையில இருந்து வந்த புதுசு மாதிரி இருக்குதே.

— புதுசுதானே கோகிலா.

— இல்ல மாமா. நிவி எல்லாப் படத்தையும் உள்ள ஏத்தித்தான் அனுப்பிச்சா. கரண்ட்ல சொருகினா போதும், வைஃபை இல்லாட்டியும் ஓடும்னு சொன்னா.

— உங்கிட்ட எப்படி சொல்லுச்சு? எப்ப சொல்லுச்சு?

— சும்மா பேசிகினு இருக்கறப்பக்கா.

— எங்கிட்ட ஞாயித்துக்கிழம மட்டும்தான் பேசுது. அதுவும் சாப்ட்டியாம்மா, மாடு கண்ணு போட்டுடுச்சாம்மா. உங்கிட்ட சும்மாவே பேசுதா?

— அங்க சிக்னல் இருக்குதுக்கா. அவ்ளோதான்.

— அதாவது, இன்னா சொல்றேன்னா, பஸ்ஸுல குலுங்கி அழிஞ்சி போயிருக்குமோ? வளைவுக்கு வளைவு அந்தக் கண்டக்டர் சாமானத் தூக்கிப் போடுவான்.

— குலுங்கினா படம் அழியுமா மாமா? அது இன்னா கோலமா? பாரேன், மொதல்ல இருந்து அத்தனையும் போயிருக்குது. இதுல நீங்க வேற தப்புத் தப்பா அமுக்கி அது எங்கியோ மாட்டிகினு நிக்குது. ரீசெட் பண்ணிட்டு ஆரம்பிக்கலாம். அக்கா, ஊக்கு இருக்குதா?

— இந்தா, தாலிக் கயித்துல இருக்குது. கழட்டித் தர்றேன்.

— பின்னாடி சின்ன ஓட்ட இருக்கும். அதுல குத்தி கொஞ்ச நேரம் அழுத்தணும்.

— கொஞ்ச நேரம் போதாது. லைட்டு அணையற வரைக்கும் புடிக்கணும்.

— உனக்கு எப்படிக்கா தெரியும்?

— டிஷ் டப்பா நின்னு போச்சே, அந்தக் கடைக்காரன் வந்து அப்படித்தான் குத்தினான். பக்கத்துல நின்னு பாத்தேன்.

— ஆமா கோகிலா. சீரியல் போயிடுச்சேன்னு அவன் பக்கத்துலருந்து நகரவே இல்ல உங்க அக்கா. அவன் பயந்துட்டான்.

— ஓகே, அணைஞ்சிடுச்சு. இப்ப பாரு, மறுபடியும் வருது. மாமா, உங்க போன எறக்கிட்டு என் போன மேல கட்டுங்க. என்னுது வேற சிம்மு. என் ஹாட்ஸ்பாட்டுல இது ஒட்டிக்குதான்னு பாப்போம்.

— கட்டறேன். மரம் ஏறறது எனக்கு இப்ப மாடிப்படி மாதிரி ஆயிடுச்சு.

— மஞ்சப் பையிலயே போட்டுக் கட்டுங்க, கீழ உழுந்துடப் போவுது... ஆஹா! புடிச்சிடுச்சுக்கா. பாரேன், பச்சை டிக்கு.

— அவ்ளோதானா? எனக்கு இத்தன நாளா வராதது உன் விரலு பட்டதும் வந்துடுச்சா?

— என் விரல் இல்லக்கா, என் சிம்மு.

— எதோ ஒன்னு. உன்னுதா இருந்தா வந்துடுது.

— இப்ப ஒரு நம்பர் காட்டுது பாரு. அத்த நிவிகிட்ட சொன்னா அவ ஓசூர்ல இருந்தே படமெல்லாம் மறுபடி அனுப்புவா. மாமா போன்ல இப்ப கீழயே ரெண்டு கோடு காட்டுது, நான் மரத்தடியில நின்னு பேசிட்டு வர்றேன்.

— நான் பேசறேன். என் பொண்ணுகிட்ட நம்பர் சொல்ல எனக்குத் தெரியாதா?

— நீ பொட்டிய பாத்துகினே இருக்கா. எதாவது கேட்டா சரின்னு இருக்கறத அமுக்கு. நான் நம்பர் சொல்லிட்டு உன்னக் கூப்புட்றேன், ஓகேவா?

— போ. போய்ப் பேசு.

— ஹலோ நிவி. நான்தான்டி. மாமா போன்ல இருந்து... ஆமா, மலைக்கு வந்துட்டேன். இங்கதான் இருக்குது... கத்தாத, கேளு. இல்ல, நான் எடுத்துகினு வரல... சொல்றத கேளும்மா. நீ இத்த உங்க அம்மாவுக்குத்தான் அனுப்பிச்ச. புரியுதா? யார் கேட்டாலும் அம்மாவுக்குத்தான். அப்பா கேட்டாலும்... எனக்கு ஒன்னும் இல்லடி, அழுவாத. எழுதிக்கோ, நம்பர் சொல்றேன்.

— கோகிலா. மேல பாரு. நான் இன்னும் எறங்கல.

— அய்யோ மாமா. கேட்டுட்டீங்களா?

— கேட்டுட்டேன். அப்பா கேட்டாலும்னு சொன்னியே, அந்த அப்பா மேலதான் உக்காந்திருக்கறேன். இந்தப் பொட்டி உன்னுதா?

— மெதுவா பேசுங்க, அக்காவுக்குக் கேக்கும். என் பொறந்தநாளுக்கு அனுப்பினா மாமா. நான் கலசப்பாக்கம் கல்யாணத்துல இருந்தேன். கொரியர் வந்துச்சாம். எது வந்தாலும் என் பேர்லதானே வரும், அதனால எங்க வூட்டுக்காரருக்கு வித்தியாசம் தெரியல. நிவேதா அனுப்பினதுன்னா மலைக்குத்தான்னு நெனச்சுகினு பஸ்ஸுல ஏத்தி உட்டுட்டார்.

— அப்ப நேத்து நான் கூப்ட்டப்பவே சொல்லி இருக்கலாமே.

— போன்ல எப்படி சொல்றது? நேர்ல வந்து, மாறி வந்துடுச்சுக்கான்னு சிரிச்சுகினே சொல்லி எடுத்துகினு போயிடலாம்னுதான் வந்தேன். உங்ககிட்ட எதுக்குப் பொய் சொல்றது?

— அப்பால ஏன் சொல்லல?

— ஸ்டூல் மேல அக்கா அதோட கல்யாணப் பொடவைய மடிச்சு விரிச்சிருக்குது, பாத்தீங்களா? படமே வராத பொட்டிக்குப் பொட்டு வெச்சிருக்குது. அத்தப் பாத்துட்டு எப்படி மாமா என்னுதுன்னு கேப்பேன்?

— நீ பெரிய மனசுக்காரிம்மா.

— பெரிய மனசெல்லாம் இல்ல. எனக்கும் எரியுது. ராத்திரி முழுக்க கண்ணு முழிச்சு, டிபன் கட்டி, தலை வாரி... அதுக்கெல்லாம் சேத்து அந்தப் பொண்ணு எனக்குன்னு அனுப்பின ஒரே பொருளு மாமா அது. எங்க ஹால்ல எடம் கூட பாத்து வெச்சிட்டேன், காலண்டர எடுத்துட்டு. ஆனா அக்கா அந்தப் பொண்ணப் பெத்துட்டு வெறுங்கையோட இருக்குது. உடுங்க. அக்காகிட்ட மூச்சு உடக்கூடாது, ஓகேவா? உங்க பொண்ணு மேல சத்தியம்.

— சரிம்மா. சொல்லல.

— யோவ்! கோகிலா! எங்க போய்த் தொலைஞ்சீங்க ரெண்டு பேரும்? படம் வந்துடுச்சு! ஓடியாங்க!

— வர்றேன்கா! பாரேன், அதுக்குள்ள அனுப்பிட்டா.

— எங்கிட்ட பேசாமயே வெச்சிடுச்சா?

— ட்யூட்டியில இருக்கறாளாம்கா. சாயந்தரம் உங்கிட்டப் பேசறேன்னு சொன்னா.

— சொல்லும் சொல்லும். யோவ், இங்க வந்து உக்காரு. இது எங்க, உங்க வூட்டு கேட்டா கோகிலா?

— ஆமாக்கா. ஆறாங்கிளாஸ் மொத நாளு. அழுது மூஞ்சி வீங்கி இருக்குது பாரு.

— அழுதுச்சா? நீ சொல்லவே இல்லியே. சந்தோசமா போச்சுக்கான்னுதான் சொன்ன.

— உங்கிட்ட அப்படி சொன்னாத்தானே நீ சாப்புடுவ.

— ம். இது இன்னா, கையில கப்பு?

— ஓட்டப்பந்தயம். மாவட்டத்துல ரெண்டாவது.

— மலையில ஓடின காலு. அதான். அந்த ரிப்பன் கட்டினது யாரு?

— நான்தான்.

— கோணலா இருக்குது.

— அதாவது வடிவு, ஓடினதுல கோணி இருக்கும்.

— நீ சும்மாரு. இது யாரு பொடவ? பொண்ணு மேல இருக்கறது?

— என்னுதுக்கா. பன்னெண்டாவது முடிச்சப்ப ஸ்கூல்ல ஒரு விழா. கட்டிக் குடுன்னு கேட்டா.

— எங்கிட்ட பச்சப் பொடவ இருந்துச்சே. பஸ்ஸுல குடுத்து உடச் சொல்லி இருந்தா உட்டிருப்பேனே.

— தோணலக்கா.

— உனக்குத் தோணாது. அடுத்தது... நிறுத்து, நிறுத்து. இத்த ஓட உடாத. இது மஞ்சத்தண்ணி ஊத்தினதுதானே?

— ஆமாக்கா. மூணாவது நாளு. நீங்க ரெண்டு பேரும் வந்துட்டீங்க அப்ப.

— வந்துட்டோம். வந்து பக்கத்துலதான் நின்னேன். நான் எங்க இதுல?

— எங்கியாவது இருப்பக்கா. கும்பல்.

— யோவ், இந்த ஓரத்துல பாரு. ஒரு கை தெரியுது பாரு. செவப்புக் கண்ணாடி வளையலு. கரண்டி சூடு பட்ட தழும்பு. அது என் கைதான்.

— ஆமா வடிவு. உன் கைதான்.

— படம் புடிச்சது யாரு?

— நான்தான்கா.

— தெரியும். அதான் கையோட நிறுத்திட்ட.

— அக்கா, சத்தியமா வேணும்னு பண்ணல. போன் சின்னது, எல்லாரும் புகல.

— எல்லாரும் புகுந்திருக்கறாங்க. உன் நாத்தனார் இருக்குது, உன் பசங்க இருக்கறாங்க, பந்தல் போட்டவன் கூட பல்ல இளிச்சுகினு நிக்கறான். உடு. ஓடட்டும்.

— இது... இரு இரு, தொடாத. இத்த நான் பாக்கறேன்.

— இன்னா அது? கேக்கு மாதிரி தெரிஞ்சுதே? நம்ப நிவேதாதானே?

— ஒன்னும் இல்லக்கா. ஓடாத வீடியோ, பாதியில நின்னுடும். இதெல்லாம் இருந்தா பொட்டியே மாட்டிக்கும். அழிச்சிட்டேன்.

— அழிச்சிட்டியா?

— ஆமா. யாரோ ஃப்ரெண்டு பொறந்தநாளுக்கு எடுத்தது, தப்பா சேத்து அனுப்பிட்டா.

— சரி. அழிச்சது நல்லதுதான்.

— மாமா, என் போன எறக்குங்க. படமெல்லாம் உள்ள வந்துடுச்சு, இனிமே சிக்னல் இல்லாட்டியும் ஓடும். புதுசா படம் வரணும்னா மட்டும் மரத்துல கட்டுங்க. நான் கெளம்பறேன்கா, பஸ்ஸு திரும்பிடும்.

— இருடி. அந்தப் பைய குடு. புளி போட்டுத் தர்றேன்.

— கொஞ்சம்தான் இருக்குதுன்னியே.

— உனக்குக் குடுக்கற அளவு இருக்குது. சாமையும் வெக்கறேன். பை நல்லா ஆழமா இருக்குது.

— போதும்கா, தூக்க முடியாது.

— தூக்கு. வெறும் பையோட அனுப்பினேன்னு இருக்க வேணாம். யோவ், பஸ்ஸு வரைக்கும் எடுத்துகினு போயி ஏத்தி உட்டுட்டு வா.

— வர்றேன்கா.

— ம். போய்ட்டு வா.

— ஏத்தி உட்டுட்டேன் வடிவு. ஜன்னலோரம் எடம் கெடச்சுது.

— எதாவது சொன்னாளா?

— சொல்லிகினு போனா, அக்காவ பாத்துக்கோங்கன்னு. வடிவு, நீ இன்னும் கொஞ்சம் நல்ல வார்த்தை பேசி அனுப்பி இருக்கலாம்.

— புளி குடுத்தனே.

— புளி குடுத்த. ஆனா, இன்னா சொல்றேன்னா, அவ்ளோ தூரம் வந்து, ஒரு சூடு தண்ணி கூட குடிக்காம...

— அந்தப் பைய தொறந்து பாத்தியா நீ?

— எந்தப் பைய?

— மடிச்சு எடுத்துகினு வந்தாளே. அடியில பழைய டவல மெத்த மாதிரி மடிச்சு வெச்சிருந்தா. புளிக்கு எதுக்குய்யா மெத்த?

— அது... எதோ அவசரத்துல இருந்திருக்கும்.

— மரத்தடியில உங்கிட்ட இன்னா சொன்னா?

— ஒன்னும் சொல்லல. சிக்னல் பத்தித்தான்.

— காது செவக்குது உனக்கு.

— வெயில்ல நின்னேன் வடிவு.

— வெயில் எங்க இருக்குது? மேகம் மூடிகினு இருக்குது. சரி, சொல்லாத. சத்தியம் வாங்கி இருப்பா. அவ அழிச்சாளே, ஓடாத வீடியோன்னு. அது ஓடும். நல்லாவே ஓடும். நீலச் சுடிதாரு, கையில கேக்கு, பின்னாடி ஆஸ்டல் செவுரு.

— அத்த நீ எப்பப் பாத்த? கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள அழிச்சிட்டாளே.

— இன்னிக்கு இல்ல. பொட்டி வந்த அன்னிக்கு. நீ சாமைக் கொல்லைக்குப் போயிருந்த. பிரிச்சுக் கரண்ட்ல சொருகினேன்.

— அப்ப பொட்டி அன்னிக்கே வேலை செஞ்சுதா? எதுக்கு வடிவு என்ன இத்தன நாளு மரத்துல ஏத்தின?

— சொருகினதும் நம்ப பொண்ணு கண்ணு எதிர்ல வந்து நின்னுச்சுய்யா. 'அம்மா'ன்னு கூப்ட்டுச்சு. வூட்ல நான் ஒருத்திதான், 'இன்னா கண்ணு'ன்னு பொட்டியப் பாத்து பதிலும் சொல்லிட்டேன். அப்பாலதான் அது 'எங்க கோகிலாம்மாவுக்குப் பொறந்தநாள் வாழ்த்து'ன்னு சிரிச்சுது. தாலியில இருந்து ஊக்கக் கழட்டி, பின்னாடி ஓட்டையில குத்தி, அது வாய் மூடற வரைக்கும் அழுத்திப் புடிச்சுகினே நின்னேன்.